மேடாகும் தழும்புக்கு சிலிகான் ஷீட்: கவுண்டரில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பினாங்கு ஜார்ஜ்டவுனில் ஒரு மருந்தகத்தில் பார்மசிஸ்டாக வேலை பார்க்கிறேன். சிசேரியன் தழும்பு, மோட்டார் சைக்கிள் எக்சாஸ் பட்டுப் பொசுங்கிய கெண்டைக்கால், காது குத்திய இடத்தில் வளர்ந்த கட்டி என்று எதையாவது காட்டி "இதற்கு என்ன போடலாம்?" என்று கேட்பவர்கள் வராத வாரம் இல்லை. பெட்டிக்குள் இருக்கும் தாளில் ஆங்கிலமும் மலாயும்தான் பெரும்பாலும் இருக்கும். அதைப் படித்துப் புரிந்துகொள்ள முடியாத அம்மாக்களுக்கும் பாட்டிகளுக்கும் வாயால் சொல்லிக்கொண்டிருந்ததை இங்கே எழுதி வைக்கிறேன். எனக்கு இதில் சொந்தக் காரணமும் ஒன்று உண்டு: என் தங்கையின் காது. அந்தக் கதை கீழே வருகிறது.

சிலிகான் ஷீட் என்பது என்ன?

மெல்லிய, கண்ணாடி போலத் தெளிவான தகடு. தொட்டால் ஜெல்லி மாதிரி மெத்தென்று இருக்கும், லேசாக ஒட்டும். சில வகைகளில் மேல்பக்கம் துணி ஒட்டியிருக்கும். சாதாரண பிளாஸ்டரைப் போல இது தோலை இழுத்துப் பிடிக்காது. உரித்தால் வலிக்காது, முடியைப் பிடுங்காது. கழுவிக் காயவைத்தால் ஒட்டும் தன்மை திரும்பிவிடும் என்பதால் ஒரே துண்டைப் பல நாள் பயன்படுத்தலாம். இதில் மருந்து எதுவும் கிடையாது. சிலிகான் தோலுக்குள் இறங்குவதும் இல்லை.

மருந்தே இல்லை என்றால் எப்படி வேலை செய்கிறது?

இந்தக் கேள்வியைக் கேட்பவர்கள்தான் கடைசிவரை விடாமல் போடுகிறார்கள் என்பது என் அனுபவம். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

நம் தோலின் மேல்படலம் உடம்பின் ஈரத்தை வெளியே விடாமல் காக்கிறது. காயம் ஆறிப் புதுத்தோல் மூடிய பிறகும் அந்தக் காவல் உடனே பலப்படுவதில்லை. பல மாதங்களுக்குத் தழும்பின் வழியாக ஈரம் ஆவியாகிக்கொண்டே இருக்கும். வீட்டுத் தண்ணீர்த் தொட்டி எங்காவது கசிந்தால் மிதவை மேலே வராது, குழாயும் நிற்காமல் ஓடிக்கொண்டிருக்கும் அல்லவா? இங்கேயும் அப்படித்தான். மேல் செல்கள் காய்ந்துபோவதை உணர்ந்து, "இன்னும் காயம் மூடவில்லை" என்று கீழே உள்ள செல்களுக்குச் சேதி அனுப்பிக்கொண்டே இருக்கின்றன. கீழே இருப்பவை கொலாஜன் என்ற நாரை உற்பத்தி செய்துகொண்டே போகின்றன. தேவைக்கு மேல் சேர்ந்த அந்த நார்தான் நாம் தடவிப் பார்க்கும் மேடு. சிலிகான் ஷீட் அந்தக் கசிவைக் குறைக்கிறது. மேல்படலம் ஈரமாக இருந்தால் கீழே போகும் சேதியும் தணிகிறது, நார் உற்பத்தியும் குறைகிறது. இன்று பெரும்பாலோர் ஏற்றுக்கொள்ளும் விளக்கம் இது.

"அப்படியானால் சமையலறையில் இருக்கும் பிளாஸ்டிக் தாளைச் சுற்றினால் போதாதா?" என்று ஓர் அண்ணன் கேட்டார். நல்ல கேள்வி. பிளாஸ்டிக் ஈரத்தை முழுக்க அடைத்துவிடும், தோல் ஊறி வெளுத்துவிடும். சிலிகான் கொஞ்சம் ஆவியை வெளியே விடும். அதனால்தான் மாதக்கணக்கில் தாங்குகிறது.

இது எப்போது வந்த வழக்கம்?

தீக்காயத் தழும்புகளுக்குத்தான் முதலில் வந்தது. அப்போதெல்லாம் இறுக்கமான அழுத்த உடைகளைத்தான் போடச் சொல்வார்கள். 1983இல் ஆஸ்திரேலியாவின் அடிலெய்டைச் சேர்ந்த ஒரு மருத்துவக் குழு, சிலிகான் ஜெல் தகடு தீக்காயத் தழும்பை மென்மையாக்குகிறது என்று எழுதியது. அழுத்தமே கொடுக்காமல் வைத்தாலும் வேலை செய்கிறது என்பது பின்னால் தெரிந்தது.

நிஜமாகவே பலன் தருமா? உண்மையைச் சொல்லுங்கள்.

சொல்கிறேன். 2002இல் பல நாட்டு நிபுணர்கள் சேர்ந்து வெளியிட்ட பரிந்துரையில், மேடாகும் தழும்பைத் தடுக்கவும் குறைக்கவும் முதலில் முயல வேண்டியவற்றில் ஒன்றாக சிலிகான் ஷீட்டைச் சொன்னார்கள். அதே சமயம், ஆய்வுகளைச் சல்லடை போட்டுச் சலிக்கும் காக்ரேன் அமைப்பு 2013இல் 20 ஆய்வுகளை, மொத்தம் 873 பேரின் விவரங்களை எடுத்துப் பார்த்தது. பலன் இருப்பதாகத் தெரிந்தாலும் அந்த ஆய்வுகளின் தரம் குறைவு, ஆதாரம் வலுவில்லை என்றுதான் முடித்தது.

நான் பார்த்தவரை, அரிப்பும் இறுக்கமும் முதலில் குறைகின்றன. சிவப்பு மங்குகிறது. மேடு தணிவது கடைசியில்தான். தழும்பே இல்லாமல் போகும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஆனால் இதில் ஆபத்து மிகக் குறைவு, வலி இல்லை, வீட்டிலேயே செய்யலாம். அதனால் தயங்காமல் முயன்று பார்க்கச் சொல்கிறேன்.

என் தழும்பு கெலாய்டா, சாதாரண மேடா?

இந்த வித்தியாசம் தெரியாமல்தான் பலர் பணத்தை விடுகிறார்கள்.

மேட்டுத் தழும்பு என்பது காயம் இருந்த எல்லைக்குள்ளேயே தடித்து நிற்பது. காயம் ஆறி ஒன்றிரண்டு மாதத்துக்குள் தலைகாட்டும். சிவந்து, அரித்து, கொஞ்ச காலம் வளர்ந்து, பிறகு ஒன்றிரண்டு வருடத்தில் தானாகவே ஓரளவு அடங்கவும் செய்யும். சிலிகான் ஷீட்டுக்கு நன்றாக மசிவது இதுதான்.

கெலாய்டு வேறு. அது எல்லையைத் தாண்டி நல்ல தோலுக்குள் நண்டுக்கால் மாதிரி பரவும். காயம் ஆறி மாதங்கள் கழித்தும் வரும், சிலருக்கு வருடங்கள் கழித்தும் வரும். தானாக அடங்காது. ஒரு பருவோ ஊசித் துளையோ போதும், அங்கிருந்து ஆரம்பித்துவிடும். கெலாய்டுக்கு ஷீட் மட்டும் போதாது. ஊசி மருந்து போன்றவற்றோடு சேர்த்துத் துணைக்கு வைத்துக்கொள்ளலாம்.

அம்மைத் தழும்பு, பருக்குழி போலப் பள்ளமாக இருப்பவற்றுக்கு ஷீட் உதவாது. வெளுத்துத் தட்டையாகிவிட்ட பழைய தழும்புக்கும் தேவையில்லை.

நம் ஆட்களுக்கு ஏன் இது அதிகம் வருகிறது?

கறுத்த தோலுக்கு கெலாய்டு வரும் வாய்ப்பு கூடுதல். அப்பா அம்மாவுக்கு இருந்தால் பிள்ளைகளுக்கும் வரலாம். 10 வயது முதல் 30 வயது வரைதான் அதிகம் தொடங்குகிறது. கர்ப்ப காலத்தில் சிலருக்கு வேகமாக வளரும். இடமும் முக்கியம்: நெஞ்சு நடுப்பகுதி, தோள், முதுகின் மேல்பகுதி, காது மடல், தாடை ஓரம். கைக்குழந்தையில் போட்ட பிசிஜி (காசநோய்த் தடுப்பு) ஊசித் தழும்பு தோளில் தடித்துப் பளபளப்பாக இருந்தால், "எனக்கு கெலாய்டு வரும் உடம்பாக இருக்கலாம்" என்று நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த முறை ஆப்பரேஷன் என்றால் டாக்டரிடம் முன்கூட்டியே சொல்லுங்கள்.

கத்தரிக்காய், கருவாடு சாப்பிட்டதால்தான் தடித்தது என்று மாமியார் சொல்கிறார்...

"கரப்பான் சாமான்" என்று எங்கள் பாட்டியும் சொல்வார். கத்தரிக்காயோ கருவாடோ கெலாய்டைக் கொண்டுவராது. ஏற்கெனவே ஒவ்வாமை உள்ள உணவைத் தவிர்ப்பது சரி. ஆனால் ஆப்பரேஷன் முடிந்தவருக்கு முட்டை, மீன், கோழி எல்லாவற்றையும் நிறுத்திக் கஞ்சியும் சீரகத் தண்ணீரும் மட்டும் கொடுத்தால் காயம் மூடவே நாளாகும். மூட நாளாகும் காயம்தான் பின்னால் தடிக்கும். தயவுசெய்து நன்றாகச் சாப்பிட விடுங்கள்.

எப்போது தொடங்க வேண்டும்?

காயம் முழுக்க மூடிய பிறகு. தையல் பிரித்து, பொருக்கு தானாக விழுந்து, நீரோ சீழோ கசியாமல், தொட்டால் ஈரம் இல்லாமல் இருக்க வேண்டும். ஒழுங்காக ஆறும் ஆப்பரேஷன் காயத்துக்கு இது சுமார் இரண்டு வாரத்தில் வந்துவிடும். திறந்த புண்ணின் மேல் இந்த ஷீட்டை ஒருபோதும் வைக்காதீர்கள்.

சர்க்கரை நோய் உள்ளவர்களுக்குக் காயம் மூட நாளாகும். அவசரம் வேண்டாம். காலண்டரைப் பார்க்காமல் காயத்தைப் பாருங்கள். சந்தேகம் இருந்தால் கட்டுப் போட்டுவிடும் நர்ஸிடம் கேளுங்கள்.

மூடிவிட்டது என்று தெரிந்தால் பிறகு தள்ளிப்போடவும் வேண்டாம். தடிக்கட்டும், பார்க்கலாம் என்று ஆறு மாதம் காத்திருப்பதைவிட, தடிக்கும் முன்பே போடுவது எளிது.

ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம்? எத்தனை மாதம்?

இந்தப் பக்கத்தில் ஒன்றை மட்டும்தான் படிப்பீர்கள் என்றால் இதைப் படியுங்கள். குறைந்தது 12 மணி நேரம். முடிந்தால் குளிக்கும் நேரம் தவிர நாள் முழுவதும். இப்படிக் குறைந்தது இரண்டு மூன்று மாதம். பலருக்கு ஆறு மாதம் வரை போகும்.

மூன்று வாரம் போட்டுவிட்டு, "ஒன்றும் ஆகவில்லை, வேறு பிராண்ட் இருக்கிறதா?" என்று திரும்பி வருபவர்களைப் பார்த்தால் எனக்கு மனசு கஷ்டமாக இருக்கும். ஷீட் மோசமில்லை, நாள்தான் போதவில்லை. விலை கூடினதை வாங்கி ராத்திரி நாலு மணி நேரம் போடுபவரைவிட, விலை குறைந்ததை வாங்கி விடாமல் போடுபவருக்குத்தான் பலன் தெரிகிறது.

முதல் நாளே 24 மணி நேரம் போட வேண்டாம். முதல் இரண்டு மூன்று நாள் நாலு மணி நேரம், பிறகு எட்டு, அப்புறம் 12 என்று ஏற்றுங்கள். தோல் பழகிக்கொள்ளும்.

பாயான் லெப்பாஸ் ஃபேக்டரியில் 12 மணி நேர ஷிப்ட். உள்ளே மூடின உடை, ஒரே வேர்வை. எப்படிப் போடுவது?

வேலையில் போட வேண்டாம். ஷிப்ட் முடிந்து வீட்டுக்கு வந்து குளித்ததும் ஒட்டிக்கொள்ளுங்கள், மறுநாள் கிளம்பும்போது எடுங்கள். பஸ் நேரம் போக உங்களுக்குப் பத்து, பதினோரு மணி நேரம் கிடைக்கும். ஓய்வு நாளில் முழு நாளும் போட்டு ஈடுகட்டுங்கள். பாலத்தைக் கடந்து பட்டர்வொர்த்திலிருந்து வந்துபோகும் ஒரு தங்கச்சி இப்படித்தான் ஐந்து மாதம் போட்டார். அவருடைய தைராய்டு ஆப்பரேஷன் தழும்பு இப்போது கழுத்து மடிப்போடு மடிப்பாக இருக்கிறது.

இந்த ஊர் வெயிலில் ஷீட்டுக்கு அடியில் வேர்க்குரு வந்துவிட்டதே?

நம் ஊரில் இதுதான் பெரிய தொல்லை. குளிர்நாட்டில் எழுதின தாளில் இதை ஒரு வரியில் சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள்.

சின்னச் சின்னச் சிவப்புப் புள்ளி, அரிப்பு, தோல் ஊறி வெளுப்பது, இவை வந்தால் ஷீட்டை எடுத்துவிடுங்கள். இரண்டு மூன்று நாள் காற்றாட விடுங்கள். முழுக்கத் தெளிந்த பிறகு நாலு மணி நேரத்திலிருந்து மறுபடி தொடங்குங்கள். இதற்காகச் சிகிச்சையையே விட்டுவிட வேண்டியதில்லை. பெரும்பாலும் இது சிலிகான் ஒவ்வாமை கிடையாது. வேர்வையும் சோப்பு மிச்சமும் அடியில் தங்குவதுதான் காரணம். உண்மையான சிலிகான் ஒவ்வாமை மிக அரிது.

ஒட்டும் முன் தோல் சுத்தமாக, உலர்ந்து இருக்க வேண்டும். அடியில் பவுடரோ கிரீமோ எண்ணெயோ வேண்டாம். வெளியே அலைந்துவிட்டு வந்தால் கழற்றி, இடத்தைத் தண்ணீரில் துடைத்து, விசிறிக் காற்றில் உலர்த்தி மறுபடி ஒட்டுங்கள். ஏர்கோன் அறையில் படுப்பவர்கள் ராத்திரி நேரத்தை நன்றாகப் பயன்படுத்திக்கொள்ளலாம்.

எப்படி வெட்டி ஒட்டுவது? எப்படிக் கழுவுவது?

தழும்பைவிடச் சுற்றிலும் அரை முதல் ஒரு சென்டிமீட்டர் பெரிதாக வெட்டுங்கள். மூலைகளை வட்டமாக்கிவிட்டால் துணியில் சிக்கிச் சுருளாது. இழுத்து ஒட்டாதீர்கள், அப்படியே வையுங்கள். இரண்டு துண்டு இருந்தால் ஒன்று காயும்போது மற்றது தோலில் இருக்கும்.

தினமும் ஒரு முறை மிதமான சோப்பும் தண்ணீரும் போதும். விரலால் மெதுவாகத் தேய்த்து அலசி, ஒட்டும் பக்கம் மேலே இருக்க வைத்துக் காற்றில் காயவிடுங்கள். துண்டால் துடைத்தால் பஞ்சு ஒட்டிக்கொள்ளும், டிஷ்யூவும் அப்படித்தான். டெட்டாலில் ஊறவைப்பது, சுடுதண்ணீரில் போடுவது, ஸ்பிரிட் தேய்ப்பது எதுவும் வேண்டாம். ஷீட் கெட்டுவிடும், மிச்சம் தோலை எரிக்கும். வழவழப்பு போய், ஓரம் கிழிந்து, கழுவியும் ஒட்டாமல் போனால் மாற்றுங்கள். வகையைப் பொறுத்து இரண்டு முதல் நாலு வாரம் உழைக்கும்.

ஒரே ஷீட்டை வீட்டில் இருவர் பகிர்ந்துகொள்ளக் கூடாது. அக்கா தங்கை என்றாலும்.

ஷீட் நல்லதா, டியூபில் வரும் ஜெல் நல்லதா?

இடத்தைப் பொறுத்தது. வயிறு, நெஞ்சு, தோள், தொடை போன்ற பரந்த இடத்துக்கு ஷீட். முகம், மூட்டு, முடி உள்ள இடம், விரலிடுக்கு ஆகியவற்றில் ஷீட் நிற்பது கஷ்டம், அங்கே ஜெல். தமிழ்ப் பெண்கள் பலருக்கு நெற்றியில் ஷீட்டோடு வெளியே போவது சங்கடம். அவர்கள் பகலில் ஜெல்லும் ராத்திரியில் ஷீட்டுமாக வைத்துக்கொள்ளலாம்.

ஜெல்லை நாளைக்கு இரண்டு முறை, மிக மெல்லிசாகத் தடவ வேண்டும். சில நிமிடத்தில் காய்ந்து படலமாகிவிடும். பிசுபிசுப்பாகவே இருந்தால் அதிகமாகப் போட்டுவிட்டீர்கள் என்று அர்த்தம். டெர்மாட்டிக்ஸ் என்ற பிராண்ட் சிலிகான் ஜெல் வகை. கடையில் தழும்பு கிரீம் என்று விற்பவை எல்லாமே சிலிகான் அல்ல, சிலவற்றில் வெங்காயச் சாறுதான் முக்கியப் பொருள். பெட்டியின் பின்பக்கத்தைப் படித்துவிட்டு வாங்குங்கள்.

வெயிலுக்கு இரண்டுமே தடுப்பு அல்ல. புதுத் தழும்பு வெயில் பட்டால் கறுத்துவிடும். ஜெல் காய்ந்த பிறகு மேலே சன்ஸ்கிரீன் போடுங்கள், அல்லது துணியால் மூடுங்கள்.

சிசேரியன் ஆகி மூன்று வாரம். பத்தியம், எண்ணெய், வயிற்றுக்கட்டு எல்லாம் நடக்கிறது. நடுவில் ஷீட் போடலாமா?

காயம் மூடிவிட்டது என்று டாக்டரோ நர்ஸோ பார்த்துச் சொன்ன பிறகு போடலாம். பால் கொடுக்கும் அம்மாவுக்குப் பயம் வேண்டாம், ஷீட்டிலிருந்து எதுவும் உடம்புக்குள் போவதில்லை.

சிக்கல் எண்ணெயில்தான் வரும். உடம்பு பிடித்துவிட வரும் பாட்டி நல்லெண்ணெயைத் தாராளமாகத் தேய்ப்பார், அது வழிந்து தழும்புக்கு வரும். எண்ணெய் பட்ட தோலில் ஷீட் நிற்காது, அடியில் தேங்கினால் குருவும் வரும். அதனால் எண்ணெய்க் குளியல் முடிந்து, அந்த இடத்தைச் சோப்பால் கழுவி உலர்த்திய பிறகு ஒட்டுங்கள். பாட்டியிடம் "வயித்துல தையல் போட்ட இடத்தை மட்டும் விட்டுருங்க பாட்டி" என்று மரியாதையாகச் சொன்னால் கேட்டுக்கொள்வார்.

வயிற்றுக்கட்டும் மலாய் முறை பெங்குங்கும் தழும்பின் மேல் உரசினால் எரிச்சல்தான் கூடும். கட்டுவதாக இருந்தால் ஷீட்டை ஒட்டி, அதன்மேல் மெல்லிய பருத்தித் துணி வைத்து, இறுக்காமல் கட்டுங்கள். ஷீட் வாங்க வசதி இல்லாதவர்களுக்கு ஒரு வழி உண்டு: மருந்தகத்தில் கிடைக்கும் மைக்ரோபோர் காகித டேப்பைத் தழும்பின் நீளத்துக்கு ஒட்டி, தளர்ந்துபோகும்போது மாற்றி, சில மாதம் வைத்திருப்பது. தோல் இழுபடுவதைக் குறைப்பதால் இதுவும் தடிப்பைத் தடுக்க உதவுகிறது. சிலிகான்தான் வேண்டும் என்று கடன் வாங்காதீர்கள்.

காது கெலாய்டு. வெட்டி எடுத்துவிட்டால் சரியாகிவிடுமா?

என் தங்கைக்குப் பதினேழு வயதில் காது மேல்பக்கம் இரண்டாவது துளை குத்தினார்கள். ஒரு வருடத்தில் கொண்டைக்கடலை அளவுக்குக் கட்டி. ஒரு கிளினிக்கில் மரத்துப்போக ஊசி போட்டு அரை மணி நேரத்தில் வெட்டி எடுத்துவிட்டார்கள். பிறகு எதுவும் செய்யச் சொல்லவில்லை. வீட்டில் எல்லோருக்கும் நிம்மதி. எட்டாவது மாதம் அதே இடத்தில் கோலிக்குண்டு அளவுக்கு வந்து நின்றது. கல்யாணம் பேச வந்தவர்கள் முன்னால் தலைமுடியை இழுத்து இழுத்து மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நான் அப்போது படித்துக்கொண்டிருந்தேன், எனக்கும் ஒன்றும் தெரியாது.

கெலாய்டை வெட்டி மட்டும் எடுத்தால் பாதிப் பேருக்கு மேல் திரும்பி வருகிறது, பலருக்கு முன்னைவிடப் பெரிதாக. புதுக் காயம், அதற்குப் புதுக் கெலாய்டு. அதனால் வெட்டுவதோடு வேறொன்றையும் சேர்த்தே செய்ய வேண்டும். ட்ரையம்சினோலோன் என்ற ஸ்டீராய்டு ஊசியைக் கட்டிக்குள்ளேயே நாலு முதல் ஆறு வாரத்துக்கு ஒரு முறை போடுவார்கள். காது மடலை இரண்டு பக்கமும் அழுத்திப் பிடிக்கும் கிளிப் தோடு உண்டு. உறையவைக்கும் சிகிச்சை, லேசர், வெட்டியவுடன் சில நாளில் கதிர்வீச்சு என்று மற்ற வழிகளும் இருக்கின்றன. எது யாருக்கு என்பதைத் தோல் டாக்டர்தான் சொல்ல வேண்டும். காதின் வளைவில் ஷீட் நிற்பது கஷ்டம். ஜெல்லோ, கிளிப்பின் உள்பக்கம் வைக்கும் சிறு சிலிகான் துண்டோதான் சரிப்படும்.

தங்கைக்குக் கடைசியில் அரசாங்க மருத்துவமனையில் மாதாமாதம் ஊசி போட்டு, கிளிப் போட்டுத்தான் அடங்கியது. இன்னும் ஒரு தடிப்பு இருக்கிறது. அவளுடைய மகளுக்குக் காது குத்தும் பேச்சு வந்தபோது இரண்டு வீட்டாரையும் உட்காரவைத்து நான்தான் விளக்கினேன். கைக்குழந்தையில் மடலில் ஒரே ஒரு துளை, மேல்பக்கம் வேண்டவே வேண்டாம் என்று முடிவானது.

கெலாய்டு வரும் உடம்பு. தைப்பூசத்துக்கு அலகு குத்தலாமா?

பினாங்கின் தண்ணீர்மலை முருகன் கோவிலுக்குப் பாதயாத்திரையாகக் காவடி எடுத்து வருபவர்களில் பெரும்பாலோருக்குக் கொக்கி குத்திய இடம் சின்னப் புள்ளியாக ஆறிவிடுகிறது. ஆனால் முதுகும் நெஞ்சும் கெலாய்டுக்குப் பிடித்த இடங்கள் என்று மேலே சொன்னேன். பிசிஜி தழும்பு தடித்தவர், வீட்டில் கெலாய்டு உள்ளவர், பருத் தழும்பு கட்டியானவர் ஆகியோர் யோசித்துச் செய்யுங்கள். பால்குடமும் நேர்த்திதான். ஏற்கெனவே குத்திவிட்டீர்கள் என்றால், துளைகள் மூடியதும் ஒவ்வொன்றின் மேலும் சின்ன வட்டத் துண்டு ஒட்டிப் பார்த்துக்கொள்ளுங்கள்.

எக்சாஸ் சுட்டுவிட்டது. உடனே என்ன செய்வது?

ஓடும் குழாய்த் தண்ணீரில் 20 நிமிடம். ஐஸ் வேண்டாம். பற்பசை, கீச்சாப் (சோயா சாஸ்), முட்டை வெள்ளை எதுவும் வேண்டாம். கொப்புளத்தை உடைக்காமல் கிளினிக்குக்குப் போங்கள். ஷீட்டின் வேலை பிறகுதான். மூன்று வாரத்துக்கு மேலாகியும் மூடாத தீக்காயம் தடித்த தழும்பாக மாற அதிக வாய்ப்பு. அப்படிப்பட்ட காயம் மூடியதும் தாமதிக்காமல் ஷீட் தொடங்குங்கள்.

மஞ்சள், தேங்காயெண்ணெய், வைட்டமின் ஈ?

தேங்காயெண்ணெய் போட்டு மெதுவாகத் தடவிக் கொடுப்பதில் தவறில்லை, ஷீட் போடாத நேரத்தில். வைட்டமின் ஈ மாத்திரையை உடைத்துத் தடவுவது வேண்டாம், பலருக்கு அதனாலேயே தோல் சிவந்து அரிக்கிறது. மஞ்சளும் சுண்ணாம்பும் தழும்பைத் தட்டையாக்காது.

குழந்தைக்குப் போடலாமா?

போடலாம். கடைக்காரர் சொன்னார் என்று போடாமல், டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் போடுங்கள். குழந்தை உரித்து வாயில் போட்டுக்கொள்ளும் அபாயம் உண்டு. மேலே சட்டையோ வலைக் கட்டோ இருக்கட்டும். தூங்கும் நேரம் கண்காணிக்க முடியாது என்றால் பகலில் மட்டும் போடுங்கள்.

இணையத்தில் பாதி விலைக்குக் கிடைக்கிறதே?

சில நல்லவை, சில சாதாரணப் பசை டேப். பெயரில் மட்டும் சிலிகான் இருக்கும். மலேசியாவில் இது மருத்துவச் சாதனம். 2012ஆம் ஆண்டு மருத்துவச் சாதனச் சட்டம், அதாவது சட்டம் 737, இப்படிப்பட்டவற்றை எம்டிஏ என்ற ஆணையத்தில் பதிவு செய்யச் சொல்கிறது. பதிவு எண்ணைக் கேளுங்கள். தயாரித்தவர் பெயர், காலாவதி நாள் எதுவும் இல்லாத சுருளை வாங்காதீர்கள்.

எப்போது டாக்டரிடம் போக வேண்டும்?

தழும்பு எல்லை தாண்டி வளர்ந்தால். வலியோ அரிப்போ தூங்கவிடாமல் செய்தால். மூட்டின் மேல் தழும்பு இறுகிக் கையையோ காலையோ முழுக்க நீட்ட முடியாவிட்டால் தாமதிக்கவே கூடாது. காயமே படாத இடத்தில் கட்டி தோன்றினாலோ, தழும்பு வெடித்துப் புண்ணாகி ரத்தம் கசிந்தாலோ, அதை கெலாய்டு என்று நீங்களாகவே முடிவு செய்யாதீர்கள். கெலாய்டு போலவே தோற்றம் காட்டும் தோல் புற்றுகள் உண்டு.

பணத்தை நினைத்துத் தள்ளிப்போட வேண்டாம். அரசாங்க கிளினிக் கெசிஹாத்தானில் குடிமக்களுக்கு ஒரு வெள்ளி (ரிங்கிட்) தான். அங்கே காட்டி, தேவையென்றால் பினாங்கு மருத்துவமனையின் தோல் பிரிவுக்கு ரெஃபர் கடிதம் கேளுங்கள். காத்திருக்க வேண்டியிருக்கும். காத்திருக்கும் நாட்களில் ஷீட்டைத் தொடர்ந்து போடலாம்.

ஐந்து வருடத் தழும்பு. இனி போட்டுப் பயன் உண்டா?

இன்னும் சிவந்து, மேடாக, அரிப்போடு இருந்தால் மூன்று மாதம் போட்டுப் பாருங்கள். மென்மையாகலாம், அரிப்பு குறையலாம். புதுத் தழும்பில் கிடைக்கும் அளவுக்கு எதிர்பார்க்காதீர்கள்.

பலன் தெரிகிறதா என்று எப்படிப் பார்ப்பது? எப்போது நிறுத்துவது?

தினமும் கண்ணாடியில் பார்ப்பவருக்கு மாற்றம் தெரியாது. தொடங்கும் நாளில் தழும்பின் பக்கத்தில் ஒரு 20 சென் காசை வைத்துக் கைப்பேசியில் படம் எடுங்கள். மாதம் ஒரு முறை, அதே வெளிச்சத்தில், அதே காசோடு. மூன்று படம் சேர்ந்ததும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நிறம், உயரம், அகலம் தணிந்திருந்தால் தொடருங்கள். தட்டையாகி, நிறம் மங்கி, இரண்டு மாதமாக மாற்றமே இல்லை என்றால் மெல்ல நேரத்தைக் குறைத்து நிறுத்தலாம். நிறுத்திய பிறகு மறுபடி தடிக்கத் தொடங்கினால் திரும்பப் போடுங்கள். மூன்று மாதம் ஒழுங்காகப் போட்டும் படத்தில் தழும்பு பெரிதாகிக்கொண்டே போனால், அந்தப் படங்களையே எடுத்துக்கொண்டு டாக்டரிடம் போங்கள். தேதியோடு இருப்பதால் அவருக்கு நிறைய உதவும்.